ம் கொட்ட ஓர் ஆள்

அந்த வீட்டில் பகல்தான் இரவு. காலையில் அப்பா வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, ஜன்னலில் கனத்த துணியை இழுத்துவிட்டுப் படுத்தார் என்றால், அதற்குப் பிறகு அந்த இரண்டு அறைகளுக்குள் காற்றுகூடக் கேட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும். ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் நிலையத்தில் அவர் பம்ப் ஆபரேட்டர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ராத்திரி ஷிப்ட். விடிய விடிய அந்த ராட்சத மோட்டார்களின் இரைச்சலில் உட்கார்ந்துவிட்டு வரும் மனிதருக்குப் பகலிலாவது நிம்மதி வேண்டாமா என்பது அம்மாவின் கட்சி. அந்தக் கட்சிக்கு வீட்டில் எதிர்க்கட்சி கிடையாது.

குக்கர் விசிலடிக்க வாயெடுக்கும் நேரத்தில் அம்மா ஓடிப்போய் அடுப்பைத் தணித்துவிடுவாள். கதவுக் கீல்களுக்கு மாதம் தவறாமல் எண்ணெய் உண்டு. கரண்டிகள் ஒன்றோடொன்று உரசாமல் துணி விரித்த தட்டில் படுத்திருக்கும். கைப்பேசி தலையணைக்கு அடியில் கிடந்து நடுங்கும். ‘சாப்பிட்டாயா’, ‘கடைக்குப் போய்விட்டு வா’, ‘உன்னைக் கொன்றுவிடுவேன்’ எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் தனித்தனிச் சைகை இருந்தது. கடைசிச் சைகைதான் அதிகம் பயன்பட்டது.

ஒரே மகள். அவள் நடந்து வருவது யாருக்கும் தெரியாது. பக்கத்தில் வந்து நின்ற பிறகு திடுக்கிடுவார்கள். பூனை என்று பெயர் வைத்தது அத்தை. அப்பாவின் அக்கா. கடைத்தெருவில் நகல் எடுக்கும் கடை வைத்திருப்பவள். இரண்டு மெஷின்களின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய குரல். அவள் வந்தால் மட்டும் வீட்டின் சட்டமெல்லாம் காற்றில் பறந்துவிடும். அம்மா உதட்டில் விரல் வைத்தால், "அவன் என் தம்பி. எனக்குத் தெரியாதா? இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான்" என்று அதையும் உரக்கவே சொல்வாள். உண்மையாகவே அத்தை வந்த நாள்களில் அப்பா அசையாமல் தூங்குவார். ‘பாவம், களைப்பு’ என்று அம்மா சைகையில் சொல்வாள்.

பூனைதான் அந்த வீட்டின் முதல் பட்டதாரி. படித்தது கம்ப்யூட்டர். கையிலிருந்தது ஒரு பழைய லேப்டாப். பேட்டரி செத்து நாளாகிவிட்டது. சுவரில் செருகினால்தான் அதற்கு உயிர் வரும். ஒழுங்காக வேலை செய்யும் ஒரே பிளக் அப்பாவின் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் இருந்தது. ஆக, அவள் நிரல் எழுதக் கற்றுக்கொண்டதெல்லாம் தூங்கும் அப்பாவின் காலடியில்தான். அரை இருட்டில், லேப்டாப்புக்கு அடியில் மடித்த துண்டு வைத்து, உதடு அசையாமல். தப்பு வந்தால் மூச்சைக் கொஞ்சம் நீளமாக விடுவாள். சரியாக வந்தால் அதுவும் இல்லை.

அந்தப் பழக்கம்தான் காலை வாரிவிட்டது.

முதல் இன்டர்வியூ வீடியோவில் நடந்தது. அத்தை கடையின் பின்னறையில், காகிதக் கட்டுகளுக்கு நடுவே பூனை உட்கார்ந்திருந்தாள். கேள்வி சுலபம். படித்ததுமே உள்ளே விடை ஓடத் தொடங்கிவிட்டது. திரையைப் பார்த்தபடி கண்கூடக் கொட்டாமல் யோசித்தாள். எதிரே இருந்தவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "ஹலோ, உங்க வீடியோ அப்படியே நின்னுபோச்சுன்னு நினைக்கிறேன்" என்றார். அவள் அப்போதும் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். "நெட் பிரச்சனை போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எதையோ அணைத்துப் போட்டு, மறுபடி வந்தார். அதற்குள் அவள் முழு விடையையும் எழுதி முடித்திருந்தாள்.

அவர் விடையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு. ஆனா இதை எப்படி யோசிச்சீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார்.

அடுத்தது நேரில். பலகையில் எழுதச் சொன்னார்கள். எழுதும்போதே, "இப்ப மனசுல என்ன ஓடுது, சொல்லுங்க" என்றார் ஒருவர்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றாள்.

அம்மா அதே கேள்வியைக் கேட்டால் சொல்கிற பதில் அது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதத்தைப் பேருந்தில் வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது இடத்தில், "வாய்விட்டு யோசிங்க. இங்க எல்லாரும் சேர்ந்து வேலை செய்றவங்க. நீங்க போற வழி எங்களுக்குத் தெரியணும்" என்று விளக்கமாகவே சொன்னார்கள். அவள் வாயைத் திறந்தாள். திறந்த நொடியில் யோசனை நின்றுபோயிற்று. மூடினாள், யோசனை வந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு வாசல் வைத்துக் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள். அங்கிருந்து வந்த மெயிலில் ‘தொடர்புத் திறன் போதவில்லை’ என்று இருந்தது.

அத்தை அன்று வந்திருந்தாள். "கடையில பில் போட ஆள் இல்லாம நான் தவிக்கிறேன். இவ இங்க சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கா. கூலி கொடுக்க மாட்டேன்னா சொல்றேன்?"

"இன்னும் ஒண்ணு இருக்காம் அண்ணி" என்று அம்மா கிசுகிசுத்தாள். "க்ளினிக்குங்களுக்கு சாஃப்ட்வேர் செஞ்சு கொடுக்கிற கம்பெனி. அடுத்த வாரம்."

"அதுவும் ஊத்திக்கிச்சுன்னா?"

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள். "அதுக்கு அடுத்த திங்கக்கிழமை உங்க கடையில இருப்பா" என்றாள் அம்மா. அப்பா உள்ளே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

கடை ஒன்றும் கேவலமான வேலையில்லை. அது பூனைக்கும் தெரியும். ஆனால் பில் போடுகிற அந்த ஸ்டூலில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மாட்டோம் என்பதும் தெரியும். நாலு பேரிடம் நல்லபடியாகப் பேசத் தெரிந்திருந்தால் எப்போதோ வேலை கிடைத்திருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். தனக்குப் பேசத்தான் வரவில்லையா, அல்லது பேசுவதற்கு உள்ளே சரக்கே இல்லையா என்ற சந்தேகம் அவளை அரித்தது. சரக்கு இல்லையென்றால் கடைதான் நியாயம். பேச்சு மட்டும்தான் வரவில்லையென்றால் அதற்கு ஏதாவது செய்து பார்க்கலாம்.

செய்து பார்க்க இடம் வேண்டுமே. குளியலறையில் முணுமுணுத்துப் பார்த்தாள், பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டி, "உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டாள். மொட்டை மாடியில் பிளக் இல்லை. பூங்காவில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தபோது எதிர் பெஞ்சில் இருந்தவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். கடைசியில், அம்மா பள்ளிச் சமையலறை வேலைக்குப் போயிருந்த ஒரு முற்பகலில், அப்பாவின் காலடியிலேயே உட்கார்ந்து, மூச்சோடு மூச்சாகத் தொடங்கினாள்.

"ஒரு கட்டிடம். அதுல ஒரு கூட்ட அறை. அந்த அறை வேணும்னு நிறைய பேர் நேரம் சொல்லி வெச்சிருக்காங்க."

கட்டிலிலிருந்து, "ம்" என்று வந்தது.

பூனை உறைந்துபோனாள். அப்பாவை எழுப்பிவிட்டோம். வீட்டின் முதல் சட்டத்தை மீறியாகிவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவர் மறுபடி தூங்கிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கட்டில் கிரீச்சிட்டது. அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார்.

"எழுப்பிட்டேனாப்பா? தெரியாம..."

"நீ பேசினப்ப நல்லாத்தான் கண்ணைச் சொருகிக்கிட்டு வந்துச்சு. நிறுத்தின. முழிச்சிட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாட்டிக்கொண்டவர் போலச் சிரித்தார்.

"ஸ்டேஷன்ல மோட்டார் ஓடுற வரைக்கும் நாற்காலியில சாஞ்சுக்கலாம். ஒருத்தனும் கேட்க மாட்டான். சத்தம் நின்னுதுன்னா, அடுத்த நொடி எழுந்து நிக்கணும். இல்லைன்னா காலையில ஊருக்குத் தண்ணி கிடையாது. எத்தனை வருஷமாச்சு, உடம்பு பழகிடுச்சு. சத்தம் இருந்தா தானா தூங்குது. சத்தம் இல்லைன்னா, ஐயோ என்ன ஆச்சோன்னு கொட்டக் கொட்ட முழிச்சிக்கிட்டுக் கிடக்குது."

"அப்ப பகல்ல நீங்க தூங்குறதே இல்லையா?"

"உங்க அத்தை வந்தா தூங்குவேன்."

பூனைக்குச் சிரிப்பு வந்தது. கூடவே என்னவோ போலவும் இருந்தது. "அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமே."

"கல்யாணமான புதுசுலயே சொல்லியிருக்கணும். அப்ப வாய் வரலை. அவ எனக்காக விழுந்தடிச்சுக்கிட்டு குக்கர்கிட்ட ஓடுறா. அதைப் போய் வேணாம்னு எப்படிச் சொல்றது? அப்புறம் நீ பொறந்த. நீ நடக்கக் கத்துக்கிட்டதே நுனிக்கால்ல. சரி, இவ்வளவு பாசத்தைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

இத்தனை நாளும் தன் வாயை மூடிவைத்தது அம்மாவின் சட்டம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இப்போது எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பார்த்தாள். ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் வருஷக்கணக்காகக் கண்ணை மூடிப் படுத்திருந்தவர். இந்த வாய் எந்த வழியாக வந்தது என்று தெரிந்துபோயிற்று.

அப்பா மறுபடி படுத்துக்கொண்டார். "ம், சொல்லு. அந்த அறை என்ன ஆச்சு?"

"உங்களுக்குப் புரியாதுப்பா."

"புரிஞ்சா தூக்கம் வராது. நீ சொல்லு."

அவள் சொன்னாள். ஒவ்வொருவரும் கேட்ட நேரத்தை முதலில் வரிசைப்படுத்த வேண்டும். ம். பிறகு பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்களை மட்டும் பார்த்தால் போதும். ம். ஒருவர் முடிக்கும் முன்னாலேயே அடுத்தவர் தொடங்கினால் மோதல். ம். ஒவ்வொரு ‘ம்’முக்குப் பிறகும் அடுத்த வாக்கியம் தானாக வந்து நின்றது. கதவைத் திறந்து பிடித்துக்கொள்ள ஆள் இருந்தால் இரண்டு கையிலும் சாமான் எடுத்துக்கொண்டு போகலாம் இல்லையா, அந்த மாதிரி. போகப் போக ‘ம்’களுக்கு நடுவே இடைவெளி கூடியது. பிறகு அது குறட்டையாயிற்று. குறட்டைக்கும் சொல்லிக்கொண்டே போனாள்.

வேலை முடிந்து வந்த அம்மா அறை வாசலில் நின்று அந்தக் காட்சியைப் பார்த்தாள். மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சாதாரணக் குரலில் பேசிக்கொண்டிருக்கிறாள். அம்மாவின் கை தானாக ‘உன்னைக் கொன்றுவிடுவேன்’ என்றது. பூனை அவளைச் சமையலறைக்கு அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

அம்மா முழுவதையும் கேட்டாள். பிறகு அடுப்பில் குக்கரை வைத்தாள். அது விசிலடிக்க வாயெடுத்தது. அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அது ஊளையிட்டு ஓய்ந்தது. மறுபடி ஊளையிட்டது. உள்ளே கட்டில் கிரீச்சிடவே இல்லை.

"எழுந்திருக்கட்டும், இருக்கு அவருக்கு" என்றாள் அம்மா. பகலில் அவளுடைய முழுக் குரலைப் பூனை அப்போதுதான் கேட்டாள். நல்ல கணீர்க் குரல். அத்தைக்கே சவால் விடலாம்.

அன்றிலிருந்து இன்டர்வியூ நாள் வரைக்கும் தினமும் அப்பாவுக்கு ஒரு கணக்கு சொல்லித் தூங்க வைத்தாள். "இன்னைக்குச் சொன்னது நல்லா இருந்துச்சு" என்பார் அப்பா, சாயங்காலம் எழுந்து. என்ன சொன்னாள் என்று கேட்டால் ஒன்றும் தெரியாது. அவர் முகத்தில் இருந்த வீக்கம் வடிந்து, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார்.

அந்தக் கம்பெனி, மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. படியேறும்போது, இது போனால் ஸ்டூல் என்ற ஒரே நினைப்பு. இன்டர்வியூ அறையில் இரண்டு பேர். டீம் லீடராக இருந்த அம்மாள், பக்கத்தில் ஒரு தாடிக்காரர். தாடிக்காரர் கேள்வியைச் சொன்னார். ஒரு க்ளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கிறார்கள். அவசரமானவரை முன்னால் அனுப்ப வேண்டும். அதற்காக முதலில் வந்த சாதாரண ஆள் நாள் பூராவும் உட்கார்ந்தே இருக்கவும் கூடாது. யாரை எப்போது கூப்பிடுவது?

பூனை பலகை முன்னால் நின்றாள். "முதல்ல, ஒவ்வொருத்தருக்கும் ஒரு அவசர மதிப்பு கொடுக்கலாம்" என்றாள். நிறுத்தினாள்.

அவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள். ‘ம்’ வரவில்லை. ‘ம்’ இல்லாமல் அடுத்த வாக்கியம் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் டீம் லீடர்.

அச்சு அசலாக அப்பாவின் கேள்வி. ‘ஒண்ணும் இல்ல மேடம்’ என்ற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"நீங்க ம் சொல்வீங்கன்னு காத்திருந்தேன் மேடம்."

"என்ன சொல்வோம்னு?"

"ம். வீட்ல நான் சொல்லச் சொல்ல எங்க அப்பா ம் கொட்டுவார். அப்படியே பழகிட்டேன். நீங்களும் சொன்னா எனக்கு வசதியா இருக்கும்."

சொல்லி முடித்ததும் காது இரண்டும் சூடாயின. தாடிக்காரர் குனிந்து சிரிப்பை அடக்கினார். டீம் லீடர் சிரிக்கவில்லை. பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, "ம்" என்றார்.

அதன் பிறகு ஓடியது. தாடிக்காரர் உற்சாகத்தில் தேவையில்லாத இடத்திலெல்லாம் ம் கொட்டினார், அதையும் சமாளித்தாள். காத்திருக்கும் நேரம் கூடக் கூட மதிப்பையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம் என்றாள். "ரெண்டு பேருக்கும் ஒரே மதிப்பு வந்துட்டா என்ன செய்யணும்? இது நான் முடிவு பண்ண வேண்டியதா, க்ளினிக்கைக் கேட்க வேண்டியதா?" என்று கேட்டாள். டீம் லீடர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசிப் பகுதியில் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டாள். "இந்த இடம் எனக்குத் தெரியலை. இதுவரைக்கும்தான் வருது" என்று சொல்லிவிட்டு மார்க்கரை மூடினாள். முந்தைய இடங்களில் முழு விடையும் சரியாக எழுதியவள், இங்கே பாதியில் நின்றுவிட்டுப் படியிறங்கினாள்.

ஆனால் கூப்பிட்டார்கள். மூன்று மாதம் பார்ப்பார்களாம், பிடித்திருந்தால் நிரந்தரம். "கடை எங்கயும் ஓடிப்போகாது. மூணு மாசம் கழிச்சும் இங்கதான் இருக்கும்" என்றாள் அத்தை. அதில் கோபம் பாதி, ஆசீர்வாதம் பாதி.

வேலையில் சேர்ந்த அன்றைக்கே பூனைக்கு ஒன்று விளங்கவில்லை. வாய்விட்டுப் பேசுகிற ஆள் வேண்டும் என்று இன்டர்வியூவில் உயிரை எடுக்கிறார்கள். உள்ளே வந்து பார்த்தால் ஒருவரும் வாயே திறப்பதில்லை. நீளமான அறை. வரிசையாக மேசைகள். எல்லார் காதிலும் ஏதோ ஒன்று மாட்டியிருந்தது. பக்கத்து மேசைக்காரன் காதில் இருந்தது இரண்டு கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி பெரிய ஹெட்போன். அவனை அவள் மனசுக்குள் ஹெட்போன் என்றே கூப்பிட ஆரம்பித்தாள். இரண்டாம் நாள், பழக்க தோஷத்தில், வேலை செய்தபடி மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு செய்தி வந்து விழுந்தது. ‘என்கிட்ட பேசுறீங்களா?’ என்று ஹெட்போன் கேட்டிருந்தான். ‘இல்லை’ என்று எழுதினாள். ‘சரி’ என்றான்.

அவ்வளவுதான். அந்தச் ‘சரி’யில் கோபம் இருந்ததா இல்லையா என்றுகூடத் தெரியாது. ஆனால் வீட்டு ஜன்னல் துணி கீழே விழுந்த மாதிரி, அவள் வாய் மறுபடி மூடிக்கொண்டது.

அவளுக்குக் கொடுத்த வேலை பார்க்கச் சின்னது. க்ளினிக்குக்கு வர வேண்டியவர்களுக்கு அன்று காலையில் நினைவூட்டி ஒரு மெசேஜ் போகும். கொஞ்ச நாளாகச் சிலருக்கு அது இரண்டு தடவை போகிறது. ஒரு பெரியவர், இன்னொன்று தன் மனைவிக்கு என்று நினைத்து, சும்மா இருந்த அந்த அம்மாளையும் கிளப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். ஏன் இப்படி என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பூனை நிரலை வரி வரியாகப் படித்தாள். தப்பே இல்லை. மறுநாளும் படித்தாள். தினமும் காலையில் எல்லாரும் வட்டமாக நின்று அவரவர் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். தன் முறை வரும்போது, "போயிட்டிருக்கு" என்றாள். அடுத்த நாளும் போய்க்கொண்டிருந்தது. அதற்கடுத்த நாளும். எங்கேயும் போகவில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கேட்டால், இதுகூடத் தெரியாமலா வந்தாய் என்று நினைப்பார்கள். கேட்காவிட்டால், தெரிந்தவளாகவே இன்னும் ஒரு நாள் இருக்கலாம்.

டீம் லீடர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார்.

"இன்டர்வியூவுல ஒரு பொண்ணு பேசிச்சே, அது லீவா?"

பூனை தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாங்க எடுத்தது அந்தப் பொண்ணைத்தான். அது கடைசிக் கேள்வியை முடிக்கலை. ஆனா எங்க நின்னுச்சோ அந்த இடத்தைச் சரியாச் சொல்லிச்சு. தப்பு பண்றது, மாட்டிக்கிறது எல்லாம் இங்க தினம் நடக்கும். நீ எங்க மாட்டியிருக்கன்னு எனக்குத் தெரியலைன்னா, மூணு மாசம் முடியறப்ப உன்னை வெச்சுக்கச் சொல்லி என்னால மேல பேச முடியாது. புரியுதா?"

"புரியுது மேடம்."

"போயிட்டிருக்குன்னு மட்டும் இன்னொரு தடவை சொல்லாத. கேட்டாலே எனக்குத் தலை சுத்துது."

மேசைக்குத் திரும்பியவள் உட்காரவில்லை. ஹெட்போன் பக்கத்தில் போய் நின்றாள். வழக்கம்போலச் சத்தமே இல்லாமல் போனதால், அவன் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டு, காதில் இருந்ததைக் கழற்றினான். உள்ளே பாட்டு எதுவும் ஓடவில்லை.

"ஒரு உதவி வேணும். நான் ஒண்ணு சொல்றேன். நீங்க ம் சொல்லணும்."

"சொல்லிட்டு?"

"அவ்வளவுதான்."

"யோசனை ஏதாவது சொல்லணுமா?"

"வேண்டாம். ம் போதும்."

அவன் முகத்தில் பெரிய பாரம் இறங்கிய மாதிரி ஒரு தெளிவு. "யாராவது வந்து ஏதாவது கேட்டு, எனக்குத் தெரியாமப் போயிடுமோன்னுதான் இதையே மாட்டிக்கிட்டிருக்கேன்" என்றான். "ம் நல்லாவே சொல்லுவேன். சொல்லுங்க."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அப்பாவுக்குச் சொல்கிற மாதிரி, ஒன்றுமே தெரியாதவருக்குச் சொல்கிற மாதிரி, முதலிலிருந்து தொடங்கினாள்.

"தினமும் காலையில இந்த நிரல் எழுந்து, இன்னைக்கு யார் யார் வரணும்னு பார்க்குது."

"ம்."

"ஒவ்வொருத்தருக்கா மெசேஜ் அனுப்புது. அனுப்பினதும், அனுப்பியாச்சுன்னு குறிச்சு வெச்சுக்குது."

"ம்."

"குறி இருந்தா மறுபடி அனுப்பாது. இந்த இடத்தைத்தான் நாள் கணக்கா முறைச்சுப் பார்த்துக்கிட்டிருக்கேன். இது சரியாத்தான் இருக்கு."

"ம்."

"இது எங்க ஓடுதுன்னா, நம்ம சர்வர்ல..." அவள் நின்றாள்.

"ம்?" என்றான்.

"நம்மகிட்ட எத்தனை சர்வர் இருக்கு?"

"ஒண்ணுதான் இருந்துச்சு. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் இன்னொண்ணு சேர்த்தாங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு மெஷினிலும் ஒரே நிரல். இரண்டும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருக்கின்றன. ஒன்று குறித்து வைப்பதற்குள் இன்னொன்றும் பார்த்துவிடுகிறது. இரண்டும் ஒரே பெரியவருக்கு அனுப்பிவிடுகின்றன. வரி வரியாகப் படித்ததில் தப்பே கிடைக்காததற்குக் காரணம், தப்பு அந்த வரிகளில் இல்லை. எங்கே ஓடுகிறது என்பதை உள்ளுக்குள் யோசிக்கும்போது தாண்டிக்கொண்டே போயிருக்கிறாள். அதெல்லாம் தெரிந்த விஷயம்தானே என்று.

மறுநாள் காலை வட்டத்தில் அவள் முறை வந்தபோது, எத்தனை நாள் எதில் மாட்டிக்கொண்டிருந்தாள், எப்படி வெளியே வந்தாள், சரி செய்ய இரண்டு வழி தோன்றுகிறது, எது நல்லது என்று தெரியவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னாள். கொஞ்சம் நீளமாகவே போய்விட்டது. தாடிக்காரர் நடுநடுவே ம் கொட்டினார். "நான் என்ன பண்ணேன், ம்-தானே சொன்னேன்" என்று ஹெட்போன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். அடுத்த வாரம் அவனே அவள் மேசைக்கு வந்து, காதில் ஒன்றும் மாட்டாமல், "இப்ப நீங்க சொல்லணும்" என்று எதிரே உட்கார்ந்தான்.

அதற்காக எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அவள் கை வைத்ததில் ஒருமுறை ஒரு க்ளினிக்கின் விடுமுறை நாளெல்லாம் வேலை நாளாகிவிட்டது. பேச வேண்டிய இடத்தில் வாய் மூடிக்கொண்ட நாள்களும் வந்தன. அப்போதெல்லாம் டீம் லீடர் தூரத்திலிருந்தே புருவத்தை உயர்த்தி, "லீவா?" என்பார்.

மூன்று மாதம் முடிகிற வாரத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்தாள். அப்பாவின் அதே காலடி, அதே பிளக். லேப்டாப் மட்டும் கம்பெனியுடையது. அம்மா சமையலறையில் பாத்திரங்களோடு தாராளமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். டீம் லீடர் வீடியோவில் வந்தார். ஏதோ சொல்லத் தொடங்கி, காதைத் தீட்டிக்கொண்டார்.

"பின்னாடி என்ன அது, மோட்டார் ஓடுதா?"

"எங்க அப்பா மேடம். தூங்குறார்."

"அடடா. அப்ப நாம அப்புறம் பேசலாம். பாவம், எழுப்பிடாத."

"இல்ல மேடம், நீங்க பேசுங்க. நிறுத்தினாத்தான் எழுந்துப்பார்."

டீம் லீடர் ஒரு நொடி யோசித்தார். அவருக்கு இன்டர்வியூ ஞாபகம் வந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

"மூணு மாசம் முடியுது. மேல பேசிட்டேன். அடுத்த மாசத்துலேர்ந்து நீ நிரந்தரம்."

பூனைக்குச் சட்டென்று வாய் வரவில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. குறட்டையும் நின்றது. அவள் எதையாவது சொல்வதற்குள், கட்டிலிலிருந்து வந்தது.

"ம்."